மத்துக்கு ஒரு நுனி

நான் பேர்லினுக்கு வந்து சேர்ந்தது 1984 கார்த்திகையில். அந்த நாட்களில் இலங்கைத் தமிழ் அகதிகளில் நிறையப்பேர் வந்த வழியால்தான் நானும் வந்தேன். கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராஸ வரைக்கும் போய், அந்த நிலையத்தைக் கடந்தால் மேற்கு.

தை பிறந்து ஒரு கிழமை இருக்கும். நொய்க்கோல்னில் நாங்கள் இருந்த வீதிக்குக் காலையில் இறங்கினால், நடைபாதை ஓரமெல்லாம் மரங்கள் விழுந்து கிடக்கின்றன. இரவு காற்று ஒன்றும் அடிக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். வேர் இல்லை, அடியில் வாள் அறுத்த தடம். இலை இன்னும் பச்சை. ஒரு கிளையில் வெள்ளி இழை ஒன்று பனிக்குள் மினுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் கலியாணம் முடிந்தால் படலையில் கட்டின வாழையை வெட்டி மாட்டுக்குப் போடுவோம், குலையை அயலுக்குக் கொடுப்போம். ஆளுயர மரத்தை வீதியில் எறிந்துவிட்டுப் போகிற சனத்தை நான் அதுவரை கண்டதில்லை. அன்று எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

அந்தக் கோபத்துக்குப் பதில் வைத்திருந்தவர் எங்கள் மாடியில் எதிர்க் கதவுக்காரி. எழுபத்தைந்து வயது தாண்டியவர். சிலேசியாவில் ஒரு கிராமத்தில் பிறந்து, போர் முடிந்தபின் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர். கிழமைக்கு இரண்டு நாள் அவருடைய வீட்டைக் கூட்டித் துடைக்கப் போவேன். நேரில் முறைப்படி மரியாதையாகத்தான் அழைப்பேன். மனதுக்குள் அவர் எனக்கு ஆச்சி. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

தை 6, மூன்று ராசாக்கள் திருநாள். அதற்கு அடுத்த நாள் ஆச்சி என்னைக் கூப்பிட்டு, மரத்தைக் கொள்ளையடிக்க வேணும், வந்து உதவி செய் என்றார். ஜேர்மன் மொழியில் அவர் சொன்ன சொல் ‘ப்ளுண்டர்ன்’. அகராதியில் பார்த்தேன், கொள்ளை என்றுதான் போட்டிருந்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை நான் வேறு விதமாகத்தான் கேட்பேன். ஆச்சியின் வாயில் அது ஒரு விளையாட்டின் பெயர். சின்னப்பிள்ளைக் காலத்தில், அன்று பின்னேரம் மரத்தின் மெழுகுதிரிகளைக் கடைசி முறையாக ஏற்றுவார்களாம். திரி அணைந்ததும் தகப்பனார் தலையசைப்பார். பிள்ளைகள் பாய்ந்துபோய்ச் சுருங்கின அப்பிள், பொன்தாள் ஒட்டின வாதுமைக்கொட்டை, சீனி வளையம், கல்லாய் இறுகிப்போன இஞ்சிப் பணியாரம் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள். இரண்டு கிழமையாய் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த தின்பண்டம்! பணியாரத்தைக் கோப்பியில் ஊறவைத்தால்தான் கடிக்கலாம், அதில் ஊசியிலை வாசம் இருக்கும் என்றார். நத்தாரைவிட அந்தப் பின்னேரம்தான் தனக்குப் பெருநாள் என்றும் சொன்னார்.

பிறகு ஜேர்மன் படிக்கப் பழகி, நூலகத்தில் தேடித் தேடி வாசித்தபோது இந்தக் கொள்ளை எவ்வளவு பழையது என்று தெரிந்தது. அல்சாஸின் செலஸ்தா நகரக் கணக்கேட்டில் 1521ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று இருக்கிறது. நத்தார்க் காலத்தில் மரங்களைக் களவுபோகாமல் காத்த காட்டுக் காவலருக்கு நான்கு ஷில்லிங் கொடுத்த கணக்கு அது. 1605இல் ஸ்ட்ராஸ்பூர்க்கைப் பற்றிய ஒரு குறிப்பு, சனம் வீட்டுக்குள் மரம் நிறுத்தி வண்ணத்தாள் ரோசாக்கள், அப்பிள், மெல்லிய மாவு அடை, பொன்தகடு, சீனி என்று தொங்கவிடுவதைச் சொல்கிறது. நான் தேடினது அதே நகரத்துப் போதகர் யோகான் கொன்ராட் டன்ஹவரிடம் கிடைத்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் இந்த மரத்தை வேண்டாத வழக்கம் என்று கண்டித்து எழுதினார். அந்தக் கண்டனத்துக்குள்ளேயே, பொம்மையும் சீனியும் தொங்கவிட்டுப் பிறகு மரத்தை உலுப்பி, மொட்டையாக்க விடுகிறார்கள் என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். எழுத்தில் அலங்கரித்த மரம் வந்த கொஞ்சக் காலத்திலேயே அதைக் கலைக்கிற சடங்கும் வந்துவிட்டது. மரத்தை நிறுத்தினதே ஒரு நாள் உலுப்பத்தான் என்று அதை வாசித்தபோது எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சுவீடனில் இந்த வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே நாள் தை 13, க்னூட்டின் நாள். 1131இல் கொலையுண்ட டென்மார்க் இளவரசன் க்னூட் லவார்டின் பெயரால் வந்த நாள் அது. முதலில் தை 7ஆக இருந்து பிறகு தள்ளிப்போனது. பிள்ளைகள் மரத்தைச் சுற்றி ஆடிப்பாடி, இனிப்பைப் பிடுங்கிக்கொண்டு, மரத்தை வெளியே போடுவார்கள்.

ஜேர்மனியில் அது தேய்ந்துபோனதற்குக் காரணம், மரத்தில் தொங்கினது மாறிப்போனதுதான். துரிங்கியாக் காட்டுக்குள் லௌஷா என்று ஒரு கண்ணாடி ஊதுகிற ஊர். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மெல்லிய கண்ணாடிக் குண்டுகளை ஊதி, உள்ளே வெள்ளிப்பூச்சு விட்டு விற்கத் தொடங்கினார்கள். அப்பிளும் கொட்டையும் வாங்க வசதியில்லாத ஓர் ஏழைத் தொழிலாளி, அவற்றைக் கண்ணாடியில் செய்து தன் மரத்தில் மாட்டினான் என்று அந்த ஊரில் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, கண்ணாடி அப்பிளைத் தின்ன முடியாது. பிள்ளைகள் பாயவும் முடியாது. பெரியவர்கள் ஒவ்வொன்றாய்க் கழற்றிப் பஞ்சில் பொதிந்து பெட்டியில் வைத்து, அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு மரம் மிச்சம். முன்பு பிள்ளைகள் கலைத்த மரத்தைப் பெரியவர்கள் காலி செய்யத் தொடங்கினார்கள்.

மெழுகுதிரியும் தன் பங்குக்கு ஒரு நெருக்கடி கொடுத்தது. ஸ்டியரினும் பரஃபினும் வந்து திரி மலிந்தபோது சாதாரண வீட்டு மரத்திலும் நெருப்பு ஏறியது. ஊசியிலை காய்ந்தால் பிசினோடு பிடித்து எரியும். சில நொடியில் கூரை வரைக்கும் போய்விடும். கத்தோலிக்கர் சிலர் மாசி 2, மெழுகுதிரித் திருநாள் மட்டும் மரத்தை வைத்திருக்கிற பழக்கம் உண்டு. அதுவரை வைத்தால் திரி ஏற்றாமல் வைப்பதுதான் புத்தி.

அன்று ஆச்சியும் நானும் செய்த வேலையின் பெரும்பங்கு, நான் வீதியில் கண்ட அந்த வெள்ளி இழையோடுதான். அதற்கு லமெட்டா என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நூர்ன்பெர்க் பக்கத்து உலோகத் தொழிலில் பிறந்தது. உறைபனி ஊசிகள் தொங்குகிற மாதிரித் தெரிய வேணும் என்பது அதன் நோக்கம். பழைய லமெட்டாவில் ஈயம் இருந்தது. ஈயத்தின் பாரத்தில்தான் இழை நேராகத் தொங்கும். பிறகு வந்த பிளாஸ்ரிக் இழை பாரமில்லாமல் பறந்து பறந்து கையில் ஒட்டும். ஆச்சி மரத்தின் பக்கத்தில் கதிரை போட்டிருந்து, ஒவ்வோர் இழையாய் எடுத்துப் பத்திரிகைத் தாளில் நீட்டி, விரலால் தடவி நிமிர்த்தி, ஒரு மட்டையில் சுற்றினார். இரண்டு மணித்தியாலம். எங்கள் விரல்கள் சாம்பல் நிறமாகிவிட்டன. குசினியில் என்னை நிறுத்தி இரண்டு முறை சவர்க்காரம் போட்டுக் கழுவவைத்தார்.

அந்தப் பொறுமை எல்லா வீட்டிலும் இருந்ததில்லை. இழையோடு வீதிக்கு வந்த மரத்தை மக்கவைத்தால் ஈயம் மண்ணுக்குப் போகும். ஆட்டுக்குப் போட முடியாது, ரோசாப் பாத்தியைப் பனியிலிருந்து மூடவும் உதவாது. பிறகு நகரங்கள் மரங்களைத் தனியாகச் சேர்க்கத் தொடங்கியபோது அறிவித்தலில் தவறாமல் வந்த வரி, லமெட்டாவைக் கடைசி இழை வரைக்கும் எடுத்துவிடுங்கள் என்பது. நூர்ன்பெர்க்குக்குத் தெற்கே ரோத் என்ற ஊரில் இருந்த கடைசித் தொழிற்சாலை 2015இல் லமெட்டா செய்வதை நிறுத்தியது. எனக்கு அதில் கவலை இல்லை. ஆச்சி இருந்திருந்தால் கவலைப்பட்டிருப்பார்.

இப்போது பேர்லினில் தை மாதம் ஒவ்வொரு பகுதிக்கும் நாள் குறித்து மாநகரத் துப்புரவு வண்டி வருகிறது. மரத்தை முழுசாக, பையில் சுற்றாமல், அலங்காரம் ஒன்றும் இல்லாமல் முதல் நாள் இரவே நடைபாதை ஓரத்தில் வைக்க வேணும். அரைத்துச் சிராய் ஆக்கி எரிக்கிறார்கள். அதிலிருந்து மின்சாரமும் வீடுகளுக்குச் சூடும் வருகின்றன. சின்ன ஊர்களில் தீயணைப்புப் படையின் இளைஞர் அணிப் பெடியன்களும் பெட்டைகளும் உழவு இயந்திரத்தில் வந்து, கொஞ்சக் காசு நன்கொடை வாங்கி மரத்தை ஏற்றிப்போவார்கள். பேர்லின் விலங்கியல் தோட்டத்து யானைகளுக்கும் தையில் மரம் கிடைக்கிறது, ஆனால் கடையில் விற்காமல் மிஞ்சின மரம் மட்டும்தான். வீட்டில் நின்ற மரத்தில் என்ன ஒட்டியிருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் அதைக் கொடுப்பதில்லை. பேரப்பிள்ளையோடு ஒருமுறை போய்ப் பார்த்தேன். யானை மரத்தைத் தும்பிக்கையால் தூக்கி, காலால் மிதித்து ஒடித்து, கிளை கிளையாய்த் தின்றது. மரத்தை உலுப்பி மொட்டையாக்குவது என்றால் அதுதான்.

அந்த 85ஆம் ஆண்டுத் தைக்குத் திரும்புகிறேன். இழையெல்லாம் கழற்றி முடிந்ததும் ஆச்சி ஒரு சின்ன வாளைக் கையில் தந்து, மரத்தின் நுனியை அறு என்றார். இந்த மரங்களின் கிளைகள் ஒரே மட்டத்தில் நாலைந்து சேர்ந்து, சக்கரத்துக்கு ஆரக்கால் போல, தண்டைச் சுற்றி வெடிக்கும். அந்தக் கணுவுக்குச் சற்றுக் கீழே தண்டை அறுத்து, ஒரு சிரட்டை அகலத்துக்குக் கிளைகளை நறுக்கி, மேலே மிஞ்சும் தண்டை ஒரு முழம் விட்டு வெட்டி, வெந்நீரில் ஊறப்போட்டுப் பட்டையை உரித்தார். தலைகீழாய்ப் பிடித்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிக் காட்டினார். அவருடைய ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் தகப்பன்மார் ஒவ்வொரு தையிலும் புதிதாய் ஒன்று செய்வார்களாம். சோஸ் கலக்க, பாலும் மாவும் கட்டிபடாமல் அடிக்க. அதன் பெயர் ‘க்விர்ல்’. கிளைகள் வட்டமாய் வெடிக்கிற அந்த அமைப்புக்கும் ஜேர்மன் மொழியில் அதே சொல்தான்.

எனக்கு வாய் திறக்க முடியவில்லை. ஆச்சியின் கையில் இருந்தது மத்து. எங்கள் அம்மா மோர் கடைகிற மத்து.

ஆச்சி போய் முப்பது வருசத்துக்கு மேலாகிறது. அந்த முதல் மத்து தேய்ந்து உடைந்துவிட்டது. இப்போது வீதியில் கிடக்கிறதில் பெரும்பாலானவை நோர்ட்மன் மரங்கள். கோக்கசஸ் மலை இனம், விதைக்காய்கள் ஜோர்ஜியாவிலிருந்து வருகின்றன. பழைய காலத்து மரம் போல ஊசியைக் கொட்டாது, அதனால்தான் எல்லாருக்கும் பிடிக்கிறது. நுனியில் கிளைகள் அதே மாதிரி வட்டமாய்த்தான் வெடிக்கின்றன. வண்டி விடிய ஆறு மணிக்கு வரும். நான் ஐந்தரைக்கே கம்பளி மேலங்கியைப் போட்டுக்கொண்டு, பையில் சின்ன வாளோடு இறங்கிவிடுவேன். நல்ல கணு உள்ள மரமாய்ப் பார்த்து இரண்டு நுனி அறுப்பேன். ஒன்று எனக்கு, ஒன்று மகளுக்கு. இந்த வருசத்து மத்து இப்போது குசினி யன்னலோரம் காய்கிறது. தயிர் உறைய வைத்திருக்கிறேன்.