ஆயில் இன்ஜினின் ஆயுள்

திருவண்ணாமலைப் பக்கக் கிணறுகளில் கவலை இழுத்த மாடுகளை அவிழ்த்துவிட்டது மின்மோட்டார் என்பார்கள். பாதி உண்மை. கம்பி எட்டாத கிணறுகளில் அதைச் செய்தது ஆயில் இன்ஜின். 1990-ல் விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் வந்ததும் அது மூலைக்குப் போனது, சாகவில்லை. காரணம் பாசமல்ல, அமைப்பு. பிரிட்டனின் பழைய லிஸ்டர் இன்ஜினும் ராஜ்கோட்டில் வார்த்த அதன் நகல்களும் நிமிடத்துக்குச் சுமார் 650 சுற்றில் நிதானமாக ஓடுபவை; பிளக்கும் கார்புரேட்டரும் கிடையாது.  மூலையில் கிடந்தாலும், டேங்கைக் கழுவி, நாசிலைச் சுத்தம் செய்து, டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி, கைப்பிடியைச் சுழற்றினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

டீசல் செலவு கட்டுமா? தினமும் கட்டாது. ஆனால் மின்சாரம் நின்ற நாளில், வாடும் நெல்லுக்கு முன் அந்தக் கணக்கு எடுபடாது. இன்ஜினை உண்மையில் தோற்கடித்தது இறங்கிய நீர்மட்டம்: மேலே இருந்து உறிஞ்சும் பம்பு ஏறத்தாழ ஏழு மீட்டருக்குக் கீழே உள்ள தண்ணீரை இழுக்காது.