அகிலின் பெயரும் வணிகரின் வாய்மையும்



ஜும்ஆவுக்குக் குளித்து, நறுமணம் பூசி வருவது ஸுன்னத். கோடம்பாக்கத்தில் நாம் பூசிவரும் அத்தர்க் குப்பிகள் பலவற்றில் ‘ஊது’ என்று எழுதியிருக்கிறது. அரபியர் அவ்வாறு அழைப்பது, நம் முன்னோர் அகில் என்றழைத்த மரத்தையே. அதன் வரலாற்றில் நமக்கொரு படிப்பினை உண்டு.

நோயற்ற அகில் மரம் வெளிறியது, மணமற்றது. காயம்பட்ட இடத்தில் பூஞ்சை தொற்றினால், அதை எதிர்த்து மரம் சுரக்கும் பிசினே மணக்கிறது. எல்லா மரத்திலும் அது உண்டாவதில்லை. அரிதானதால் விலை உயர்ந்தது. விலை உயர்ந்ததால் கலப்படமும் புகுந்தது.

சிலப்பதிகாரத்துக்கு உரை வரைந்த அடியார்க்குநல்லார், அகில் வகைகளாக அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் ஆகியவற்றைக் கூறுகிறார். முதல் மூன்றும் ஊர்ப்பெயரால் அமைந்தவை. அருமணம் தென் பர்மா. தக்கோலம் மலாய்த் தீபகற்பத் துறைமுகம். கிடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. வந்த ஊரே சரக்கின் பெயர். ஆகவே, பெயரைச் சொல்வதே ஒரு சாட்சியம்.

சாட்சியம் பொய்த்ததும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவைச் சேர்ந்த ஷைஸரீ, அங்காடிக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கென எழுதிய நூலில், அத்தர் வணிகரின் கலப்படங்களை விவரித்து எச்சரித்தார்.

இன்று காட்டு அகில் அருகிவிட்டது. 1995 முதல் ஓர் அகில் இனமும், 2005 முதல் எல்லா அகில் இனங்களும் பன்னாட்டு வணிக ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஏற்றுமதி அனுமதிச் சீட்டில் சரக்கின் நாட்டைக் குறிக்க வேண்டும். அன்று பெயர் சொன்ன சாட்சியத்தை இன்று சட்டமும் கேட்கிறது. ஆயினும், மலிவான மரத்தில் எண்ணெய் ஏற்றி அகிலென்பதும், செயற்கை மணத்துக்குக் ‘கம்போடி’ என்று பெயரிடுவதும் நடக்கின்றன.

இப்னு உமர் (ரலி) அவர்கள் சில வேளை அகிலைத் தனியாகவும், சில வேளை கற்பூரம் சேர்த்தும் புகைத்தார்கள். நபி (ஸல்) அவர்களும் அவ்வாறே செய்ததாகக் கூறினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆகவே, கலப்பது குற்றமன்று; மறைப்பதே குற்றம். தானியக் குவியலின் ஈரத்தை அடியில் மறைத்த வணிகரிடம், அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்றே நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள்.

அத்தர் விற்கும் சகோதரர்களே! கலவையானால் ‘கலவை’ என்றே எழுதுங்கள். எந்த ஊர்ச் சரக்கென்று அறியாவிடில் ‘தெரியாது’ என்று சொல்லுங்கள், அதுவும் வாய்மையே. வாங்குவோரே! உண்மை சொன்ன வணிகரைவிட்டு, பொய்ப்பெயரைத் தேடி ஓடாதீர்கள். தொழுகைக்குப் பூசும் நறுமணத்தில் பொய் வாடை வீச வேண்டாம்.

அல்லாஹ் நம் வணிகத்தில் வாய்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.