நரசிங்கம்பேட்டை நாயனம்

கல்யாணம் என்றால் யார் நாயனம் என்று கேட்போம். அந்த நாயனத்தைச் செய்தவர் யார் என்று கேட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வேதாரண்யத்து அம்பாளுக்கு யாழைப் பழித்த மொழியாள் என்று பெயர். அவள் குரலுக்கு நாணித்தான் அங்கே சரஸ்வதி வீணையை விட்டுச் சுவடியோடு இருக்கிறாள் என்பார்கள். நாயனம் மட்டும் அந்தச் சந்நிதியில் கூசாமல் ஒலிக்கிறது. வேதமூர்த்தியைத் தந்த ஊராயிற்றே!

நாயனத்துக்குப் பேர்போன ஊர் நரசிங்கம்பேட்டை. மாயவரத்திலிருந்து கும்பகோணம் போகிற பாதையில் குத்தாலம் தாண்டி வரும் சின்ன ஊர், பக்கத்திலேயே திருவாவடுதுறை. அங்கே போய்க் கண்ணாடி அலமாரி வைத்த கடையைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். வீடுதான் பட்டறை, பட்டறைதான் கடை. சில ஆசாரிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இதையே செய்து வருகின்றன.

உலவு என்கிற குழல் ஆச்சா மரம். பச்சை மரம் ஆகாது, வெடித்துவிடும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற தூலம், உத்திரம், தூண் இவைதான் வேண்டும். பல பத்தாண்டுகள் கூரையைத் தாங்கி ஈரமெல்லாம் வற்றிய மரம். அதைக் கடைந்து, மேலே குறுகி கீழே விரியும்படி உள்ளே குடைய வேண்டும். விரல் வைக்க ஏழு துளை. கீழ்ப்பக்கம் சுருதியைச் சரிசெய்ய ஐந்து துளை. அவற்றுக்குப் பிரம்மசுரம் என்று பெயர், மெழுகை வைத்து அடைத்துக் கொள்ளலாம். அடியில் அணசு, மேலே கெண்டை, அதன் மேல் நாணல் தட்டையில் செய்த சீவாளி.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அந்த மொழியில் ஓபுவா என்று ஒரு வாத்தியம். பெயரைப் பிரித்தால் உயர்ந்த மரம் என்று வரும். அதற்கும் இரட்டை நாக்குச் சீவாளி, கீழே விரியும் குழல். நாயனத்துக்குத் தூரத்து உறவு. ஆனால் அதன் உடம்பெல்லாம் உலோகச் சாவிகள். நம் நாயனத்தில் ஒரு சாவி கிடையாது. கமகம் முழுதும் உதட்டிலும் மூச்சிலும் விரலிலும் இருக்கிறது. அதனால் துளை ஒரு நூல் தள்ளிப்போனாலும் வித்வான் ஆயுள் முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அப்படி மல்லுக்கட்டிய விஷயம் ஒன்று சுத்த மத்திமம். பழைய நாயனம் திமிரி. குட்டையான குழல், நாலு கட்டைக்கு மேல் சுருதி. சாமி புறப்பாட்டில் நாலு வீதிக்கும் கேட்க அது வேண்டியிருந்தது. அதில் பிரதி மத்திமம் தானாக வரும்; சுத்த மத்திமத்தை உதட்டால் அழுத்திக் கொண்டுவர வேண்டும். பிறகு கச்சேரி மேடையும் மைக்கும் வந்தன. கத்த வேண்டிய அவசியம் போயிற்று. திருவாவடுதுறை டி.என்.இராஜரத்தினம் பிள்ளை சுருதியை இறக்கி நீளமான பாரி நாயனம் கேட்டார். அவர் தோடிக்குப் பேர்போனவர். தோடிக்கு சுத்த மத்திமம் உயிர். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவரோடு சேர்ந்து அளவுகளை மாற்றி மாற்றிச் செய்துபார்த்து, அந்த சுரம் சுத்தமாகப் பேசும் பாரியைச் செய்து கொடுத்தார். வாசிக்கிறவர் ஒரு ஊர், செய்கிறவர் அடுத்த ஊர். காலையில் சொன்ன குறையை மாலையில் திருத்திப் பார்க்கலாம். கப்பலில் தருவித்த ஓபுவாவுக்கு அந்த வசதி ஏது?

பிள்ளையவர்கள் 1956 டிசம்பரில் மறைந்தார். பாரி நிலைத்துவிட்டது, இன்று மேடைகளில் நாம் கேட்பது பெரும்பாலும் அதுதான்.

2022 மார்ச்சில் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் வீணைக்கு 2013லேயே கிடைத்துவிட்டது. நல்லதுதான். அரசாங்கக் காகிதத்தோடு காலம் தள்ளியவன் என்பதால் சொல்கிறேன், அந்தக் காகிதம் பெயரைக் காப்பாற்றும். பட்டறையில் உட்காரப் பிள்ளையைக் கொண்டுவராது, மரத்தையும் கொண்டுவராது. நல்ல நாயனம் சீக்கிரம் கெடுவதும் இல்லை. ஒருமுறை வாங்கினவர் மறுபடி எப்போது வருவார்? அடிக்கடி மாற்ற வேண்டியது சீவாளிதான். கல்யாண மண்டபங்களிலோ ஒலிநாடா போய் இப்போது கைப்பேசியே கெட்டிமேளம் வாசிக்கிறது.

மரத்தின் கதை நம் பக்கத்துக் கதையும்கூட. 2018 நவம்பர் கஜாவில் சாய்ந்த ஓட்டு வீடுகளின் மரம் விறகாகப் போனதைக் கண்ணால் பார்த்தேன். அதில் ஆச்சா எவ்வளவோ! எழுந்ததெல்லாம் கான்கிரீட் வீடு. அதில் தூலமும் இல்லை, உத்திரமும் இல்லை. உங்கள் தெருவில் இன்னும் பழைய வீடு ஏதாவது பிரிக்கிறார்கள் என்றால், ஆச்சா இருக்கிறதா என்று தச்சரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் விறகு மண்டிக்கு எடைபோட்டு அனுப்புவதற்கு முன் நரசிங்கம்பேட்டைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.