உணவுப் பொட்டலம்: குமாரபாளையத்தில் இலையும் பிளாஸ்டிக் தாளும்

குமாரபாளையம், நாமக்கல் மாவட்டத்தில் காவிரியின் கிழக்குக் கரையில் உள்ள விசைத்தறி நகரம். எதிர்க்கரையில் ஈரோடு மாவட்டத்துப் பவானி. இரவு பகலாகத் தறி ஓடும் ஊரில் கடைச் சாப்பாட்டுக்கு எப்போதும் தேவை உண்டு. அந்தச் சாப்பாட்டைக் கட்டித் தந்த பொருள் இரண்டு முறை மாறியது.

பிளாஸ்டிக் தாளுக்கு முன் சோறும் இட்லியும் வாழை இலையில் கட்டப்பட்டன. ஆற்றின் கீழ்ப்பகுதியான பரமத்தி வேலூர், மோகனூர் வட்டாரங்களில் வாழை மிகுதி. பச்சை இலை மடிக்கும்போது கிழியும் என்பதால் அனலில் சற்று வாட்டினார்கள். வெளியே செய்தித்தாள் சுற்றி நூலால் கட்டுவது வழக்கம். இம்முறை குறையற்றதன்று. அச்சு மை உணவில் கலக்கும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் எச்சரித்தது. குழம்புக்கோ இலை உதவாது. வாங்குபவர் தூக்குப்போசி கொண்டுவர வேண்டும்.

வீடுகளில் ஊறுகாய்ச் சாடிக்கு வேடு கட்டினார்கள். வாயை மூடிக் கட்டும் பருத்தித் துணியே வேடு. ஈ நுழையாது, ஆவி வெளியேறும். துணி நெய்யும் ஊரில் இதற்குச் செலவு ஏது?

ஒட்டும் பிளாஸ்டிக் தாளின் பிறப்பிடம் அமெரிக்கா. 1933-இல் டவ் கெமிக்கல் ஆய்வகத்தில் ரால்ஃப் வைலி தற்செயலாகக் கண்ட பொருளே இதன் தொடக்கம். 1953-இல் வீட்டு உபயோகத்துக்கு வந்தது. குளிர்ந்த உணவு உலராமல் காக்க அது ஏற்றது. நம் கடைகளிலோ கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றினார்கள், ஆவி பறக்கும் சோற்றைப் பிளாஸ்டிக் தாளில் மடித்தார்கள். ஆவி வெளியேறாமல் நீராகிச் சோறு நசநசத்தது. சூடும் எண்ணெயும் பட்டால் சிலவகைப் பிளாஸ்டிக்கில் சேர்த்த இளக்கிகள் உணவில் இறங்கும். ஆறிய பின், உணவின்மேல் படாமல் பாத்திர வாயை மட்டும் மூடுவதே இத்தாளைப் பயன்படுத்தும் சரியான முறை.

2018 ஜூன் 5 அன்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் தடையை அறிவித்தார். எடப்பாடி, குமாரபாளையத்துக்குப் பக்கத்து ஊர்தான். 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தடையின் 14 பொருள்களில் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் ஒன்று.

சோற்றுக்கு மீண்டும் இலையைத் தேடுவது எளிது. குழம்புதான் சிக்கல். பிளாஸ்டிக் பை உண்மையில் ஒழித்தது இலையை அன்று, தூக்குப்போசியை. வெறுங்கையுடன் கடைக்குப் போகும் பழக்கம் ஒரு தலைமுறையில் வேரூன்றிவிட்டது. அதை அரசாணையால் மாற்ற முடியவில்லை. சாம்பார் இப்போது வெள்ளி நிறக் கவரில் வருகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படலமே பூசப்பட்டிருக்கிறது.