அணா பைக்கு ஒரு ஃபீல்டு

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பியபோது காசு என்றால் ரூபாய், அணா, பைதான். 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வரும்வரை, நூறு வருஷம், வடசென்னையில் மூட்டைக் கூலியிலிருந்து வண்டி வாடகைவரை அதே கணக்கு.

அந்தப் பக்கத்துப் பழைய கூலி நோட்டு ஒன்றை ஜாங்கோவில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். டெசிமல் ஃபீல்டு போதாதான்னு கேப்பீங்க. போதாது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஆக ஒரு பை, ரூபாயில் 192-ல் ஒரு பங்கு. 192 மூணால் வகுபடும் எண். எத்தனை தசம இடம் வைத்தாலும் ஒரு பை முழுசா அடங்காது. அரசின் மாற்றுப் பட்டியலே தடுமாறியது: 1 அணாவுக்கு 6 நயா பைசா, 3 அணாவுக்கு 19. ஒவ்வொரு அணாவா மூணு தடவை வாங்கினவனுக்கு 18தான். மூட்டைக்கு இத்தனைன்னு கூலி வாங்குறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

அதனால் இன்டீஜர் ஃபீல்டிலிருந்து சொந்தமா ஒன்று எழுதினேன். டேட்டாபேஸில் மொத்தப் பை மட்டும் இருக்கும். 2 ரூபாய் 5 அணா 3 பை என்றால் 384 + 60 + 3 = 447. எடுக்கும்போது ‘ஃப்ரம் டிபி வேல்யூ’ மூன்றாகப் பிரிக்கும். போடும்போது ‘கெட் ப்ரெப் வேல்யூ’ சேர்க்கும். ஃபார்மில் தட்டியதை ‘டூ பைத்தான்’ பார்த்துக்கொள்ளும். கூட்டலும் வரிசையும் டேட்டாபேஸின் வேலை.

1818-க்கு முந்தைய மதராஸ் கணக்குக்கு இது உதவாது. அங்கே வராகனுக்கு 42 பணம், பணத்துக்கு 80 காசு. அதுக்குத் தனி ஃபீல்டு எழுதணும்.