விட்டுவைத்த மண்டபம், புதைத்த திருமேனி: காவிரிப் படுகையில் போர்க்காலப் பண்பாட்டுக் காப்பின் வரலாறு

போரில் எதை அழிக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழில் கிடைக்கும் பழைய விடைகளுள் தெளிவான ஒன்று திருவெள்ளறையில் கல்வெட்டாக இருக்கிறது. 1216இல் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டின்மேல் படையெடுத்துத் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான். மாடமும் மாளிகையும் இடிந்ததை அவனுடைய மெய்க்கீர்த்தி பெருமையாகவே அடுக்குகிறது. ஆனால் பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் பரிசாக அளித்த 16 கால் மண்டபத்தை மட்டும் பாண்டியன் இடிக்காமல் விட்டான் என்கிறது திருவெள்ளறைச் செய்யுள். கரிகாலனுக்கும் அவனுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டு கிடக்கிறது. நின்றது உண்மையில் கரிகாலன் எழுப்பிய மண்டபந்தானா என்று ஐயப்படலாம். அந்த ஐயத்தைவிடக் கவனிக்க வேண்டியது வேறு. எரித்ததைப் பாடிய அதே காலத்தில், எரிக்காமல் விட்டதும் பாடத் தகுந்த செயலாகக் கருதப்பட்டது. விட்டுவைத்தது கோயிலும் அன்று, அரண்மனையும் அன்று. ஒரு பாட்டுக்குக் கிடைத்த பரிசு.

இதை விதியாகக் கொள்ள முடியாது, விதிவிலக்கு என்றே சொல்ல வேண்டும். சங்ககாலப் போரறம் ஆட்களைப் பற்றியே பேசியது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும் புறநானூற்று 9ஆம் பாட்டில், அம்பு விடுமுன் ஆவும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் மகப்பேறு இல்லாதோரும் விலகிப் போகுமாறு எச்சரிக்கை தரப்படுகிறது. பகைவனுடைய காவல்மரத்துக்கும் முரசுக்கும் அந்தச் சலுகை இல்லை. மரத்தை வெட்டுவதும் முரசைக் கவர்வதும் வெற்றியின் அடையாளங்கள். பகைவன் எதைப் போற்றினானோ அதுவே முதல் இலக்காக இருந்தது.

சோழர்களும் இந்த வழக்கத்தையே பின்பற்றினார்கள். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இன்றிருக்கும் சாளுக்கியத் துவாரபாலகர் சிலையின் பீடத்தில், கல்யாணபுரத்தை வென்று விசயராசேந்திரன் எடுத்து வந்தது என்ற செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. விசயராசேந்திரன் என்ற பட்டம் கொண்ட முதலாம் இராசாதிராசன் கொண்டுவந்த அந்தச் சிலை தாராசுரம் கோயிலில் நெடுங்காலம் நின்றது. அதை உடைக்கவில்லை என்பது மெய்தான். எடுத்து வந்ததை மறைக்கவும் இல்லை, எழுதிவைத்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்திலும் சுற்றூர்களிலும் சாளுக்கிய, கலிங்கச் சிற்பங்கள் இதே வழியில் வந்து சேர்ந்தவை. அநுராதபுரத்து விகாரங்களைச் சோழப்படை கொள்ளையிட்டதை இலங்கையின் வரலாற்று நூல் கசப்போடு பதிவு செய்கிறது. கோயில் கொள்ளை என்றதும் 1311இல் வந்த டெல்லித் தளபதி மாலிக் காபூரிடமிருந்தே கணக்கைத் தொடங்கும் பழக்கம் தமிழ் எழுத்தில் உண்டு. தஞ்சைக் கலைக்கூடத்தின் அந்தத் துவாரபாலகர் இருக்கும்வரை அது முழுக்கணக்கு ஆகாது.

தாக்குகிறவனின் அடக்கத்தை நம்ப முடியாத நிலையில், காக்கிறவர்களின் முறைகள் வளர்ந்தன. அவற்றுள் மிகப் பழையது புதைப்பது. வைகானச மரபின் விமானார்ச்சனகல்பம் கள்வராலும் பகைவராலும் அச்சம் நேரும்போது உற்சவத் திருமேனியை மண்ணுக்குள் வைக்க வகைசெய்கிறது. மறைவான இடத்தில் குழி தோண்டி, மணல் பரப்பி, நிலமகளை வேண்டிப் படுக்க வைக்க வேண்டும். ஆபத்து நீங்கும்வரை வழிபாடு நிற்கக்கூடாது. அதற்கு மாற்று ஏற்பாடும் நூலில் உண்டு. தெய்வமும் உலோகமும் ஒன்றல்ல, ஆனாலும் உலோகத்தைக் கைவிடக்கூடாது என்ற இரட்டை நிலைப்பாடு இது. மீண்டும் எடுத்து வழிபடுவதே நோக்கம். குழி தற்காலிக இருப்பிடம்.

பல குழிகள் தற்காலிகமாக இருக்கவில்லை. புதைத்த இடம் நாலைந்து பேருக்கு மட்டுமே தெரியும். அவர்கள் மாண்டாலோ ஊரைவிட்டு ஓடினாலோ இரகசியமும் அவர்களோடு போனது. 1950களின் தொடக்கத்தில் திருவெண்காட்டு மண்ணிலிருந்து வெளிவந்த ரிஷபவாகன மூர்த்தி 1011ஆம் ஆண்டையொட்டி வார்க்கப்பட்டது. தலையில் பாம்பு சுற்றியதுபோல் சடையை முடிந்து, இல்லாத காளையின்மேல் கையூன்றி நிற்கும் அந்தத் திருமேனி இன்று தஞ்சைக் கலைக்கூடத்தின் முதல் பெருமை. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் திருப்பணிக்கு மண் எடுத்தபோது 20க்கும் மேற்பட்ட திருமேனிகளும், தேவாரம் பொறித்த 400க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. பாட்டையும் செம்பில் வெட்டிப் புதைத்திருக்கிறார்கள். காக்க வேண்டியவை என்ற பட்டியலில் சிலைக்கு இணையாகப் பதிகமும் இருந்திருக்கிறது. புதையலில் புதைத்த தேதி எழுதியிருப்பதில்லை. எல்லாவற்றையும் 1311க்குக் கொண்டுபோய்க் கட்டுவது எளிது. டெல்லிப் படையின் பிந்திய வருகைகள், பீஜப்பூர்ப் படையெடுப்பு, 1781இல் ஹைதர் அலி படுகையைச் சூறையாடியது என அச்சத்துக்குக் காரணங்கள் பலவாக இருந்தன.

இரண்டாவது முறை, எடுத்துக்கொண்டு போவது. திருவரங்கத்து அழகியமணவாளர் 1323இல் வெளியேறி, பல ஊர் அலைந்து, விஜயநகரத் தளபதி கோபணாரியர் காலத்தில் 1371இல் திரும்பினார். சிதம்பரம் நடராசர் 1648 டிசம்பரில் தில்லையை விட்டுக் குடுமியான்மலைக்கும் மதுரைக்கும் போய், 37 ஆண்டு 10 மாதம் 20 நாள் கழித்து 1686இல் மீண்டார் என்று செப்பேடு நாள்கணக்காகச் சொல்கிறது. பொறுப்பை இத்தனை நுணுக்கமாக எண்ணி வைத்த ஆவணம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. காஞ்சியிலிருந்து தூக்கி வரப்பட்ட பங்காரு காமாட்சி மட்டும் திரும்பவில்லை. தஞ்சை மேலவீதியில் கோயில் எழுந்தது. உடன் வந்த அர்ச்சகர் மரபில்தான் இசைமேதை சியாமா சாஸ்திரி பிறந்தார். அடைக்கலம் வந்த பொருள் அடைக்கலம் தந்த ஊருக்கே உரியதாகிவிடுமா என்ற கேள்வியை இன்றைய சட்டமும் முழுதாகத் தீர்க்கவில்லை. தஞ்சையில் அது வழக்காக மாறாமல் பாட்டாக மாறியது.

18ஆம் நூற்றாண்டில் சிக்கல் வேறு வடிவம் கொண்டது. மதில் உள்ள கோயில் கோட்டைக்கு ஈடு என்பதை எல்லாப் படைத்தலைவர்களும் கண்டுகொண்டார்கள். 1752இல் ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போரிட்ட சாந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் திருவரங்கத்திலும் திருவானைக்காவிலும் புகுந்து நின்றார்கள். ஜூன் மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி லா அங்கேயே சரணடைந்தார். தஞ்சைப் பெரியகோயிலையும் அகழியும் மதிலுமாகச் சின்னக்கோட்டை சூழ்ந்திருக்கிறது. கோயிலுக்குள் பீரங்கி வைத்தால் எதிரி அதைச் சுடலாமா? சுட்டால் குற்றம் சுட்டவன்மேலா, வைத்தவன்மேலா? அன்று எந்த நீதிமன்றமும் இதைக் கேட்கவில்லை.

1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சையின்மேல் வந்தபோது நோக்கம் பணம். சாந்தா சாகிபின் காலத்தில் எழுதி வாங்கிய 56 லட்சம் ரூபாய்ப் பத்திரத்தைக் காட்டிப் பணம் கேட்டார். வழியில் கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடிக் குளத்தையும் அலசினார்கள். எடுத்த சிலைகள் பொன் அல்ல, பித்தளை என்று தெரிந்தது. ஒற்றர்கள் என்று சொல்லி ஆறு அந்தணர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டதையும் அந்தப் போரின் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. முற்றுகை தோற்று, பசியோடு படை காரைக்காலுக்குத் திரும்பியது.

பேராவூரணிக்குக் கிழக்கே, சேதுபாவாசத்திரத்தை அடுத்த சரபேந்திரராசன்பட்டினம் கடற்கரையில் நிற்கும் மனோரா இந்த வரலாற்றின் திருப்புமுனைக்குச் சாட்சி. இரண்டாம் சரபோசி கட்டிய அந்த எட்டு அடுக்குக் கோபுரத்தின் கல்வெட்டு, ஆங்கிலேயர் வெற்றியையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் 1814 என்ற ஆண்டோடு குறிக்கிறது. வாட்டர்லூவின் நினைவாக எழுந்தது என்று உள்ளூரில் சொல்வது வழக்கம். வாட்டர்லூப் போர் நடந்தது 1815 ஜூனில். நெப்போலியன் இத்தாலியிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வாரிக்கொண்டுபோய் லூவ்ரில் வைத்த கலைப்பொருள்களில் பல அந்த 1815இல்தான் உரிய ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. வெனிசின் வெண்கலக் குதிரைகள் வீடு திரும்பின. வென்றவன் எடுத்தது வென்றவனுக்கே என்ற பழைய வழக்கு ஐரோப்பாவில் அங்கே முறிந்தது. அந்த நியாயம் கடல் தாண்டவில்லை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவின் நூலகத்தையும் புலிப்பொம்மையையும் எடுத்துச் சென்ற அதே ஆங்கிலேயர், லூவ்ர் விஷயத்தில் மட்டும் அறம் பேசினார்கள். மனோராவின் கல்லில் இவ்வளவும் எழுதியில்லை.

பிறகு வந்த எழுத்துச் சட்டங்களில் விலக்குகளும் கூடவே வளர்ந்தன. 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போருக்காக எழுதப்பட்ட லீபர் விதித்தொகுப்பு நூலகங்களையும் கலைப்பொருள்களையும் பாதுகாக்கச் சொன்னது. 1907ஆம் ஆண்டு ஹேக் ஒழுங்குவிதி, இயன்றவரை கோயில்களையும் கலைக்கூடங்களையும் விட்டுவைக்க வேண்டும் என்றது; அவை அப்போது படைத் தேவைக்குப் பயன்படாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்த்தது. திருவானைக்காவில் கேட்கப்படாத கேள்விக்கு அங்கேதான் விடை வருகிறது: உள்ளே படையை வைத்தால் அந்தக் காப்பு நீங்கிவிடும். 1954 மே 14இல் கையெழுத்தான ஹேக் உடன்படிக்கை ஒரு நாட்டின் சொத்தை மானுடம் முழுவதற்குமான மரபாகக் கொண்டது. அமைதிக்காலத்திலேயே காப்புக்கு ஆயத்தம் செய்யும் கடமையை அரசுகள்மேல் வைத்தது. ஆனால் தவிர்க்கவே முடியாத படைத்தேவை வந்தால் கடமை தளரும் என்ற வாசலையும் திறந்துவைத்தது. 1999இன் இரண்டாம் நெறிமுறை அந்த வாசலைக் குறுக்கியது: அந்த இடமே படை இலக்காக மாற்றப்பட்டிருக்க வேண்டும், வேறு வழியும் இருக்கக்கூடாது. இந்தியா 1958இல் முதல் உடன்படிக்கையை ஏற்றது. 1999 நெறிமுறையில் சேரவில்லை. பெரியகோயில் 1987இலும், கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இலும் உலக மரபுச் சின்னங்களாயின. பட்டியலில் இடம்பெறாத ஊர்க்கோயில்களுக்கும் உடன்படிக்கையின் பொதுக் காப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் போரில் படைத்தலைவன் கையிலிருக்கும் வரைபடத்தில் அவை குறிக்கப்பட்டிருக்குமா என்பது தனிக்கேள்வி.

சட்டத்தின் அளவுகோலுக்குள் அடங்காத அழிவும் உண்டு. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நேரம் அது. அறிவிக்கப்பட்ட போர் ஏதும் இல்லை. எரிப்பில் காவல்துறையினரின் பங்கு பரவலாகப் பதிவாகியுள்ளது. 'ஆயுத மோதல்' என்ற சொல்லில் தொடங்கும் உடன்படிக்கை அந்த இரவை எட்டவில்லை. இலங்கை அதில் சேர்ந்ததும் 2004இல்தான். அந்த நூலகத்தின் அமைப்புக்கு ஆலோசனை சொன்னவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். சீர்காழிச் செப்பேடுகளைப் போல யாழ்ப்பாணத்துச் சுவடிகளைப் புதைத்து வைக்க எவருக்கும் வாய்க்கவில்லை. படி எடுத்து வைப்பதே இன்றைய புதைப்பு என்ற எண்ணம் ஈழத்து எழுத்தாளர்களிடையே வலுப்பெற்றதற்கும், 2005இல் நூலகம் மின்னூல் திட்டம் தொடங்கியதற்கும் பின்னணியில் அந்தத் தீ இருக்கிறது.

புதைத்தவரின் கடமை புதைத்ததோடு முடிவதில்லை என்பதைப் பத்தூர் வழக்கு காட்டியது. திருவாரூர்ப் பகுதியிலுள்ள அவ்வூரில் 1976இல் மண் தோண்டிய கூலித்தொழிலாளிக்கு நடராசர் கிடைத்தார். 10 ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அந்த வழியில் போகாமல் சிலை கைமாறி லண்டன் சேர்ந்தது. விலைகொடுத்து வாங்கிய கனடா நிறுவனத்துக்கு எதிராக, பாழடைந்து கிடந்த விசுவநாதசுவாமி கோயிலே சட்டப்படி ஓர் ஆளாக நின்று உரிமை கோரலாம் என்று லண்டன் நீதிமன்றம் ஏற்றது. 1988இல் வந்த தீர்ப்பை 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்ய, சிலை நாடு திரும்பியது. பல நூற்றாண்டுகளுக்கு முன் குழி தோண்டியவர்கள் யாருக்காகத் தோண்டினார்கள் என்பதை அந்தத் தீர்ப்பு மறைமுகமாக ஒப்புக்கொண்டது.

திருட்டுக்கு அஞ்சி, படுகையின் சிற்றூர்க் கோயில்களைச் சேர்ந்த உலோகத் திருமேனிகள் பல இப்போது திருவாரூர் போன்ற பாதுகாப்பு மையங்களில் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. திருவிழா வந்தால் சொந்த ஊருக்குக் கொண்டுபோகிறார்கள்; விழா முடிந்ததும் மையத்துக்கே திரும்பிவிடுகின்றன.