கள்ளுக்குத் தொட்டுக்க

மலாயாத் தோட்டங்களின் கள்ளுக்கடை பற்றி எழுதுகிறவர்கள் குடியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்குத் தொடுகறி மேல்தான் கண். பொறியியல் படித்தவன் புத்தி, எது எதோட ஏன் சேருதுன்னு பார்க்கத் தோணும்.

தென்னங்கள் மரத்திலிருந்து இறங்கும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, மாலையில் புளிப்பு, மறுநாள் ஏறக்குறைய காடி. போதை பியர் அளவுதான், சுமார் 5 விழுக்காடு. அந்த மாலைப் புளிப்பு வறுத்த கருவாட்டின் எண்ணெயை அறுக்கும். மிச்சமிருக்கும் இனிப்பு மிளகாயை அடக்கும். ஒயின்காரர்கள் சொல்கிற பொருத்தம் இதுதானே! வெயிலில் வேர்த்த உடம்புக்கு அந்த உப்பும் வேண்டியிருந்திருக்கும்.

ஆனால் நாள் தாண்டினால் கெடும் சரக்கு என்பதால் கடை லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். துரை அனுமதித்த கடை. கூலி கைக்கு வந்த வேகத்தில் அங்கே போனது.

1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் சம்பள உயர்வோடு வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடையை மூடு. இன்னொன்று, துரையைப் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்லாதே. ரெண்டும் ஒரே பட்டியலில்! தலைவர் ஆர்.எச். நாதனைக் கைதுசெய்து நாடு கடத்தினார்கள். போருக்குப் பிறகு, 1947இல், கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை வாசலிலேயே மறியலுக்கு நின்றது.

என்னுடைய இந்த ருசி ஆராய்ச்சி அவர்களுக்கு எரிச்சலைத்தான் தந்திருக்கும்.